வார்ப்பிரும்புச் சட்டியில் மக்காச்சோள ரொட்டி

மக்காச்சோள ரொட்டி அமெரிக்கத் தென்மாநிலங்களின் வீட்டுச் சாப்பாடு. ஐரோப்பியர் குடியேறுவதற்கு முன்பே செரோக்கி, சோக்டா முதலிய பழங்குடியினர் மக்காச்சோளத்தை இடித்து ரொட்டி சுட்டார்கள். வந்தவர்கள் அவர்களிடம் கற்றுக்கொண்டார்கள். மாவு, புளித்த மோர், முட்டை, உப்பு, சமையல் சோடா போதும். மோரின் புளிப்பு சோடாவோடு சேர்ந்து நுரைத்து மாவை உப்ப வைக்கிறது. கோதுமையின் இழுபடும் தன்மை இதில் இல்லாததால் ரொட்டி உதிரும்; அந்த உதிர்வுதான் இதன் அழகு.

ருசியின் பெரும்பகுதி சட்டியில் இருக்கிறது. வார்ப்பிரும்புச் சட்டியில் பன்றிக் கொழுப்போ வெண்ணெயோ இட்டு, சுமார் 220 டிகிரி செல்சியஸில் ஓவனுக்குள் நன்றாகக் காய வைக்க வேண்டும். மாவை ஊற்றும்போது ‘சொய்’யென்று ஓசை எழுந்தால்தான் அடிப்பக்கம் பொன்னிறமாக மொறுமொறுக்கும். வடமாநிலங்களில் சர்க்கரையும் கோதுமை மாவும் தாராளமாகச் சேர்ப்பார்கள். கேக் போல மெத்தென்று வரும், ஆனால் மக்காச்சோளத்தின் மணம் அடங்கிவிடும். தெற்கத்தி முறையே மேல்.

சுடச்சுட வெண்ணெய் தடவியும், கீரை வேகவைத்த சாற்றில் தோய்த்தும் உண்பார்கள். மிஞ்சியதைக் குளிர்ந்த மோரில் உதிர்த்துக் கரண்டியால் அள்ளிச் சாப்பிடுவது, புதிதாகச் சுட்ட ரொட்டிக்குச் சற்றும் குறைந்ததல்ல.