மஞ்சள்தானே என்று அலட்சியம் வேண்டாம்!

ஆதம்பாக்கத்தில் ஒரு மருந்துக் கடை. மாதாந்திர மாத்திரைகளோடு, மூட்டுவலிக்காக மஞ்சள் கேப்சூல் பாட்டில் ஒன்றையும் கேட்டார் ஓர் அம்மா. சீட்டைப் பார்த்த கடைக்காரர், "ரத்தம் உறையாம இருக்க மாத்திரை சாப்பிடுறீங்களே... இதை டாக்டர்கிட்ட சொன்னீங்களாம்மா?" என்றார்.

"மஞ்சள்தானேப்பா! தினமும் சாம்பார்ல போடறதுதானே?"

நியாயமான கேள்வி. விடை, அளவில் இருக்கிறது.

மஞ்சள்தூளில் குர்குமின் ஏறத்தாழ 3 சதவீதம்தான். 500 மில்லிகிராம் குர்குமின் உள்ள ஒரு கேப்சூல், சுமார் 16 கிராம் மஞ்சள்தூளுக்குச் சமம். அதாவது, ஐந்து டீஸ்பூன்! அவ்வளவு மஞ்சளை எந்த வீட்டிலும் ஒருவர் தட்டில் போடுவதில்லை.

இன்னொன்று, மிளகு. மஞ்சளைத் தனியாகச் சாப்பிட்டால் குர்குமின் ரத்தத்தில் அதிகம் சேராது. பெங்களூரு செயின்ட் ஜான்ஸ் மருத்துவக் கல்லூரி ஆய்வாளர்கள் 1998-ல் வெளியிட்ட ஆய்வில், 2 கிராம் குர்குமினோடு மிளகிலுள்ள பைப்பரின் 20 மில்லிகிராம் சேர்த்துக் கொடுத்தபோது, உடல் ஏற்றுக்கொண்ட அளவு சுமார் 20 மடங்கு கூடியது. அதனால்தான் பல கேப்சூல்களில் மிளகுச் சத்தையும் சேர்க்கிறார்கள். ஆனால், பைப்பரின் வேறு சில மருந்துகள் உடலில் தங்கும் அளவையும் கூட்டக்கூடியது.

மஞ்சள் கேப்சூல் சாப்பிட்ட சிலருக்குக் கல்லீரல் அழற்சி வந்ததாக 2019-ல் இத்தாலி அரசு எச்சரித்தது.

சரி, அஞ்சறைப் பெட்டியை என்ன செய்வது? தாராளமாகத் திறக்கலாம். சமையல் அளவில் மஞ்சளுக்குப் பயப்படத் தேவையில்லை. குர்குமின் கொழுப்பில் கரையும் என்பதால், ஒரு சிட்டிகை மஞ்சள், தட்டிய மிளகு, நெய்த் தாளிப்பு என்று வைக்கிற ரசம் நல்ல கூட்டணி. வெந்தயத்தின் நார்ச்சத்து, சர்க்கரை ரத்தத்தில் சேரும் வேகத்தைக் குறைக்கும். கறிவேப்பிலையை ஒதுக்காமல் மென்று சாப்பிடுங்கள்.

ஆனால், இவை எதுவும் டாக்டர் கொடுத்த மாத்திரைக்கு மாற்று அல்ல. ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடுபவர்கள், பித்தப்பைக் கல், கல்லீரல் பிரச்னை உள்ளவர்கள், கர்ப்பிணிகள் மஞ்சள் கேப்சூலை டாக்டரிடம் கேட்காமல் தொடவே கூடாது. சர்க்கரைக்கு மாத்திரை சாப்பிடுபவர்கள் வெந்தயப்பொடியைத் தினமும் ஸ்பூன் கணக்கில் எடுப்பதாக இருந்தால், அதையும் சொல்லிவிடுங்கள்.

அந்த அம்மா பாட்டிலைத் திருப்பிக் கொடுத்துவிட்டார். அடுத்த முறை டாக்டரைப் பார்க்கும்போது கேட்கப்போகிறாராம். நீங்களும் கேளுங்கள்.