வரிச் சுவரும் ஓசூர்ப் பட்டறைகளும்

ஓசூர் சிப்காட்டில் ஒரே சாலையில் 2025-இல் இருவேறு மனநிலைகளைக் கண்டேன். அமெரிக்கா செல்லும் கைப்பேசிகளுக்குக் கூடுதல் வரி அப்போது இல்லை. மின்னணு ஆலைக்கு ஷிப்ட் மாறும் பேருந்துகள் நிரம்பியே ஓடின. கார் பாகங்களுக்கு வரி 25 சதவீதமாக இருந்தது. டிராக்டர் பாகங்களைக் கடையும் லேத் பட்டறைகளின் சரக்குக்கும், கிருஷ்ணகிரியில் அறுத்து மெருகேற்றப்படும் கிரானைட் பலகைகளுக்கும் 50 சதவீதமாக இருந்தது.

2025 பிப்ரவரியில்தான் பிரதமர் மோடியும் அதிபர் டிரம்ப்பும் வாஷிங்டனில் சந்தித்து, இருதரப்பு வர்த்தகத்தை 2030-க்குள் 50,000 கோடி டாலராக உயர்த்துவோம் என்றார்கள். ஆகஸ்ட் 7-இல் 25 சதவீத வரி வந்தது. ரஷிய எண்ணெய் வாங்குவதற்குத் தண்டனையாக இன்னொரு 25 சதவீதம் ஆகஸ்ட் 27-இல் சேர்ந்தது. நம்மைவிட அதிகமாக ரஷிய எண்ணெய் வாங்கிய சீனாவுக்கு இத்தண்டனை விதிக்கப்படவில்லை. மே மாதப் போர்நிறுத்தம் தம்மால்தான் ஏற்பட்டது என்று டிரம்ப் கூறுவதும், தில்லி அதை மறுப்பதும் கசப்பைக் கூட்டின.

இதைவிடப் பெரிய விரிசலையும் இவ்விரு நாடுகளும் கண்டிருக்கின்றன. 1998 மே மாதப் பொக்ரான் அணுகுண்டுச் சோதனையை அடுத்து அமெரிக்கா பொருளாதாரத் தடை விதித்தது. ஒரே மாதத்தில், அப்போது திட்டக்குழுத் துணைத் தலைவராக இருந்த ஜஸ்வந்த் சிங்கும் அமெரிக்க வெளியுறவுத் துணை அமைச்சர் ஸ்ட்ரோப் டால்பட்டும் பேசத் தொடங்கினார்கள். இரண்டு ஆண்டுகளுக்கும் மேலாக, 7 நாடுகளில் 14 முறை சந்தித்தார்கள். அணுச் சோதனைத் தடை ஒப்பந்தத்தில் இந்தியா கையெழுத்திடவில்லை. இந்தியாவை அணு ஆயுத நாடாக அமெரிக்காவும் ஏற்கவில்லை. ஆயினும் 2000 மார்ச்சில் கிளிண்டன் வந்தார். அமெரிக்க அதிபர் ஒருவர் இந்தியா வந்தது 22 ஆண்டுகளுக்குப் பிறகு அதுவே முதல்முறை. 2008-இல் அணுசக்தி உடன்பாடும் கைகூடியது.

2025-இல் அப்படியொரு தனிப்பாதை இருந்ததாகத் தெரியவில்லை. சண்டை சமூக ஊடகத்தில் நடந்தது. செப்டம்பர் 9, 10-இல் இரு தலைவர்களின் சமாதான வார்த்தைகளும் அங்கேயே வெளியாயின. செப்டம்பர் 16-இல் அமெரிக்க வர்த்தகப் பேச்சாளர் பிரெண்டன் லிஞ்ச் தில்லி வந்து சென்றது நல்ல அறிகுறிதான். ஆனால் எண்ணெயையும் பாகிஸ்தானையும் குறித்த மனத்தாங்கல்களை வர்த்தக அதிகாரிகள் தீர்க்க இயலாது. இரு தலைவர்களின் முழு நம்பிக்கையைப் பெற்ற ஒருவர், கேமராக்கள் இல்லாத அறையில் அமர்ந்து பேச வேண்டும்.

அங்கே எதை விட்டுக்கொடுப்பது என்பது எங்கள் பகுதிக்கு எளிய கேள்வியன்று. அமெரிக்கா வேளாண், பால் சந்தையைத் திறக்கச் சொன்னது. சூளகிரி, வேப்பனப்பள்ளிப் பக்கத்திலிருந்து ஓசூருக்கு லேத் வேலைக்கு வரும் இளைஞரின் வீட்டில் இரண்டு கறவை மாடுகள் நிற்கும். மகனின் சம்பளத்துக்காகத் தாயின் பால் பணத்தைப் பணயம் வைக்க முடியாது. இதில் தில்லி உறுதியாக நின்றது சரியே என்பேன். எண்ணெய் அப்படியல்ல. எந்த நாட்டிடம் எவ்வளவு வாங்குவது என்பது விலையைப் பொறுத்து மாறிக்கொண்டேதான் இருக்கிறது. அங்கு நெகிழ இடமுண்டு.

ஜஸ்வந்த் சிங்குக்குக் கிடைத்த காலம் பட்டறைக்காரருக்குக் கிடைக்காது. வங்கித் தவணை மாதந்தோறும் வருகிறது. பேச்சு முடியும்வரை, அமெரிக்க ஆர்டர்களை இழந்த சிறு நிறுவனங்களுக்குத் தவணை ஒத்திவைப்பையும் வட்டி மானியத்தையும் மத்திய அரசு உடனே அறிவிக்க வேண்டும்.