கரை காக்கும் கணக்கு

மாணவர்களே! கே.கே. நகரை அடுத்த வண்டியூர்க் கண்மாயைக் கண்டிருப்பீர்கள். கண்மாய்க்கரையில் எலிவளைகள் பல சேர்ந்தே பேருடைப்பு ஆகின்றது. புற்றுநோயும் அத்தகையதே. உயிரணுவின் மரபணுக்களில் பிழைகள் ஒன்றன்பின் ஒன்றாகச் சேர, அந்நோய் தோன்றுகின்றது. 1954-இல் ஆர்மிட்டேஜ், டால் என்னும் பிரிட்டானிய அறிஞர் இருவர் இதனைக் கணிதத்தால் ஆராய்ந்தனர். இன்று கணினி, உயிரணுக்கள் பெருகிப் பிழைபடும் பல்லாண்டுப் போக்கினைச் சிறுபொழுதிற் போலச் செய்து காட்டுகின்றது.

எனினும், பிறநாட்டார் மரபணுக் குறிப்புகளை மட்டுமே கொண்ட கணக்கு நமக்கு முற்றும் பொருந்தும் எனக் கொள்ளல் தகாது. எக்கரையைக் காக்க விழைகின்றோமோ, அக்கரையை அன்றோ அளந்தறிதல் வேண்டும்? ஆதலின், 2025-இல் சென்னை இந்தியத் தொழில்நுட்பக் கழகம் நம் நாட்டு மார்பகப் புற்றுநோய் மரபணுத் தொகுப்பினை வெளியிட்டமை போற்றத்தக்கது. அப்பணி வளர, கணிதத்தையும் உயிரியலையும் ஒருங்கே கற்பீர்களாக!