டாக்ஸி எண் கதை போதும், இதையும் சொல்லுங்கள்

டிசம்பர் 22 வந்தால் பள்ளிக்கூடங்களில் ராமானுஜன் படத்துக்கு மாலை போட்டு, 1729 என்ற டாக்ஸி எண் கதையைச் சொல்லி முடித்துவிடுகிறார்கள். கூடவே, நாமகிரித் தாயார் கனவில் வந்து சூத்திரம் சொன்ன கதை. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் கேட்கிற பிள்ளை என்ன நினைக்கும்? 'அவர் தெய்வப் பிறவி, நமக்கு இது வராது' என்றுதானே? கணக்குப் பரீட்சை என்றாலே வயிற்றுவலி என்று படுத்துக்கொள்ளும் என் பேத்திக்கு அந்தக் கதையால் ஒரு பயனும் இல்லை. அவளுக்கு 6746328388800 என்ற எண்ணைப் பற்றிச் சொல்ல வேண்டும் என்பது என் கட்சி.

ஆறு லட்சத்து எழுபத்து நாலாயிரம் கோடிக்கும் மேல்! பயப்படாதீர்கள், 12-லிருந்து தொடங்கலாம். 12-ஐ மீதியில்லாமல் வகுக்கும் எண்கள் 1, 2, 3, 4, 6, 12 என ஆறு. அதற்குக் கீழே உள்ள எந்த எண்ணுக்கும் இத்தனை காரணிகள் கிடையாது. இப்படித் தனக்குக் கீழே உள்ள எல்லா எண்களையும்விட அதிகக் காரணிகள் உள்ளதை உயர் பகு எண் என்று சொல்லலாம். 12-க்கு அடுத்து 24, 36, 48, 60 என்று வரிசை போகும்.

பங்கு போட்டுப் பழகிய நம் தலைமுறைக்கு இதன் அருமை தெரியும். டஜனுக்கு 12, மணிக்கு 60 நிமிடம் என்று வைத்தது வீணாக அல்ல. 1957-க்கு முன் ரூபாய்க்கு 192 தம்பிடி. மூன்று பேர் பிரித்தால் ஆளுக்கு ஐந்தணா நாலு தம்பிடி, மிச்சமில்லை. நயா பைசா வந்ததும் ஆளுக்கு 33 போக ஒரு பைசா அநாதையாக நின்றது.

1915-இல் கேம்பிரிட்ஜில் இருந்த ராமானுஜன் இந்த எண்களைப் பற்றி நீண்ட கட்டுரை எழுதினார். அதன் பட்டியலில் கடைசி எண்தான் மேலே சொன்னது. 2 முதல் 23 வரையிலான ஒன்பது பகா எண்களும் அதில் அடக்கம். அதன் காரணிகள் மொத்தம் 10080. கால்குலேட்டர் இல்லாத காலம், எல்லாம் கைக்கணக்கு. இங்கே எஃப்.ஏ. தேறாத மனிதருக்கு 1916-இல் கேம்பிரிட்ஜ் பி.ஏ. பட்டம் கொடுத்தது இந்த உழைப்புக்காகத்தான்.

இன்னொரு செய்தி. அந்தப் பட்டியலில் 293318625600 விட்டுப்போய்விட்டது! எனக்கு ராமானுஜன் மீது மரியாதை கூடியது இதைப் படித்த பிறகுதான். கனவில் வந்த பட்டியலாக இருந்தால் விட்டுப்போகுமா? உட்கார்ந்து, போட்டு, அடித்து, திருத்திப் பார்த்த ஒரு மனிதரின் கை அதில் தெரிகிறது. பிள்ளைகளுக்குத் தெரிய வேண்டியது அந்த மனிதரைத்தான்.

உங்கள் வீட்டுப் பேரன் பேத்தியிடம் ஒரு பிடி புளியங்கொட்டையைக் கொடுத்து, 60-க்கு அடுத்த உயர் பகு எண் எது என்று கேளுங்கள். விடையை மட்டும் நீங்கள் சொல்லிவிடாதீர்கள்.