பாதி விலைக்காரிகள்

2013இல் இந்தியன் பாட்மிண்டன் லீக் தொடங்கியது. ஜ்வாலா கட்டா, அஸ்வினி பொன்னப்பா இருவருக்கும் அடிப்படை விலை ஆளுக்கு 50,000 டாலர் என்றார்கள். ஏலத்தன்று அது 25,000. இருவரிடமும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. மகளிர் இரட்டையர் பிரிவையே தூக்கிவிட்டு, அந்த இடத்தில் இன்னொரு ஆண்கள் ஒற்றையர் ஆட்டத்தை வைத்துவிட்டார்கள். ஆட்டமே இல்லாதவளுக்கு எதற்கு முழு விலை?

இந்த இருவரும் 2010 டெல்லி காமன்வெல்த்தில் தங்கம் வாங்கியவர்கள். 2011 லண்டன் உலக சாம்பியன்ஷிப்பில் வெண்கலம். 1983இல் பிரகாஷ் படுகோனே வாங்கிய பிறகு 28 ஆண்டு கழித்து நாட்டுக்கு வந்த பதக்கம் அது. அந்தப் போட்டியில் இந்தியப் பெண்கள் பெற்ற முதல் பதக்கமும் அதுதான்.

தரமான ஆட்டக்காரிகள் போதவில்லை என்பது சமாதானம். போதவில்லை என்றால் வளர்க்க வேண்டும். பிரிவை மூடிவிட்டு ஆள் எங்கே என்று தேடுவது, பள்ளிக்கூடத்தைப் பூட்டிவிட்டுப் பெண்பிள்ளைகளுக்குப் படிப்பு ஏறவில்லை என்பது மாதிரி.

ஆள் இருக்கிறார்கள். என் வகுப்புக்குப் புளியந்தோப்பிலிருந்து வரும் பெண்களுக்கு அது பாட்மிண்டன் அல்ல, ஷட்டில். சந்தில் ஆடுவார்கள், மோட்டார் சைக்கிள் வந்தால் ஒதுங்குவார்கள். உள்ளரங்கத்துக்குப் போனால் மணிக்கு இவ்வளவு என்று வாடகை. நாலு பேர் பங்கு போட்டால்தான் கட்டுப்படியாகும். நாலு பேர் என்றால் இரட்டையர்தானே? கையில் காசில்லாத பெண் முதலில் கற்கும் ஆட்டம் எதுவோ, அதைத்தான் மேலே இருப்பவர்கள் இரண்டாந்தரம் என்கிறார்கள்.

உலகக் கூட்டமைப்பின் கணக்கும் இதே லட்சணம். சூப்பர் 500 போட்டியில் ஒற்றையர் வெற்றியாளருக்கு மொத்தப் பரிசில் 7.5 விழுக்காடு. இரட்டையர் ஜோடிக்கு 7.9. அதை இருவர் பிரித்துக்கொள்ள வேண்டும். பயிற்சியும் முழங்கால் வலியும் விமானச் சீட்டும் மட்டும் ஆளுக்கு முழுசு. (வடமொழியில் இருமை என்று தனி எண் உண்டு, தமிழில் இரண்டு பேர் சேர்ந்தாலே பன்மை. கூட்டமைப்புக்கு எந்த இலக்கணமும் எட்டவில்லை, இரண்டு பேரை ஒருமையில் வைத்திருக்கிறது.) ஆண் ஜோடிக்கும் இதே கணக்குதான், மறுக்கவில்லை. ஆனால் லீக்கில் இடம் போனது ஆண் ஜோடிக்கா?

பெண்கள் ஆட்டத்துக்குக் கூட்டம் சேர்க்க அவர்களுக்குத் தெரிந்த வழி வேறு. 2011இல் பெண்கள் பாவாடை அணிந்துதான் ஆட வேண்டும் என்று உலகக் கூட்டமைப்பு விதி போட்டது. உலகமெங்கும் எதிர்ப்பு கிளம்பி, 2012இல் கைவிட்டது. ஆட்டத்தைக் காட்டலாம் என்று மட்டும் யாருக்கும் தோன்றவில்லை.

ஜ்வாலா இதையெல்லாம் வெளியே சொன்னார். இரட்டையரை ஒதுக்குகிறார்கள் என்று மைக் கிடைத்த இடத்திலெல்லாம் சொன்னார். வாயாடி, திமிர் பிடித்தவள் என்று பெயர். நம் வீடுகளிலும் இந்தப் பெயர்கள் தயாராகத்தான் இருக்கின்றன. 2013 லீக் ஆட்டம் ஒன்றில் எழுந்த தகராறை வைத்து, இந்திய பாட்மிண்டன் சங்கத்தின் ஒழுங்குக் குழு அவருக்கு ஆயுள் தடை விதிக்கப் பரிந்துரைத்தது. ஆயுள் தடை! டெல்லி உயர் நீதிமன்றம் வரை போய்த்தான் அவர் ஆட்டத்துக்குத் திரும்ப முடிந்தது.

2014 கிளாஸ்கோ காமன்வெல்த்தில் அதே ஜோடிக்கு வெள்ளி. 2015இல் கனடா ஓப்பன் பட்டம். அந்தப் பரிசையும் இரண்டாகத்தான் பிரித்துக்கொண்டார்கள்.