களியக்காவிளைக்கு இப்பால் 1200, அப்பால் 2000!

திருச்செந்தூருக்குத் தெற்கே, மணப்பாட்டுக் கரையில் வலைக்குப் பொத்தல் அடைக்கும் கிழவியைப் பாருங்கள். மீன் கூடை சுமந்தே அறுபதைத் தாண்டியவள். முதியோர் பென்ஷனுக்கு மனுப் போடப் போனால் முதல் கேள்வி: "மகன் இருக்கிறானா?" இருக்கிறான். அவனும் கடன்பட்டுத்தான் கடலுக்குப் போகிறான். "அப்படியானால் நீ ஆதரவற்றவள் அல்ல, போ!"

தோழர்களே, கோளாறு இந்த "ஆதரவற்றவர்" என்ற சொல்லில்தான் இருக்கிறது. 1962ல் நம் ராஜ்யத்தில் மாதம் 20 ரூபாய் பென்ஷன் வந்தபோதே அது உழைத்தவனுக்கு அல்ல, அநாதைக்கு என்றுதான் வந்தது. கேரளத்தில் 1980ல் நாயனார் மந்திரி சபை 45 ரூபாய் கொடுத்தது. யாருக்கு? விவசாயத் தொழிலாளிக்கு! வயலில் உழைத்தவன் என்பதே அவன் தகுதி. சும்மா வந்ததா அது? குடிகிடப்புக்கும் கூலிக்கும் வயல் வரப்பிலே செங்கொடி பிடித்து நின்ற சங்கம் அங்கே இருந்தது.

கணக்குக்கு வருவோம். தமிழ்நாட்டில் 2023 ஆகஸ்டில் 1000 என்பது 1200 ஆயிற்று. நாளொன்றுக்கு 40 ரூபாய். கேரளத்தில் 1600 ஆக இருந்தது 2025 நவம்பரில் 2000 ஆயிற்று. ஆந்திரத்தில் 2024 ஜூலையிலேயே 4000! "இங்கே வேட்டி சேலை கொடுக்கிறோமே" என்பார்கள். கொடுக்கட்டும். வேட்டியை வேகவைத்துத் தின்ன முடியுமா?

கேரளத்திலும் 2023, 2024ல் பென்ஷன் மாதக்கணக்கில் பாக்கி விழுந்தது. மறைக்க வேண்டியதில்லை. ஆனால் பென்ஷன் கொடுப்பதற்கென்று அந்த ராஜ்யம் அமைத்த கம்பெனி வாங்கிய கடனை ராஜ்யக் கடனிலேயே சேர்த்து, கடன் வரம்பை இறுக்கியது யார்? டில்லி சர்க்கார்!

அந்த டில்லியின் தர்மத்தையும் கேளுங்கள். அறுபது முதல் எழுபத்தொன்பது வயது வரை அது தரும் பங்கு மாதம் 200. 2007லும் 200, 2025லும் 200. நாளைக்கு ஆறு ரூபாய் அறுபத்தாறு காசு, ஒரு டீக்குப் போதாது. அதே டில்லி 2025 மார்ச்சில் மாஜி எம்.பி.க்களின் பென்ஷனை 25,000லிருந்து 31,000 ஆக்கியது. அதுவும் இரண்டு வருஷ முன்தேதியிட்டு! அவர்களிடம் யாரும் "மகன் இருக்கிறானா" என்று கேட்கவில்லை.

மில் தொழிலாளிகளே, இது கிராமத்தான் பாடு என்று இருந்துவிடாதீர்கள். உங்கள் பிராவிடண்டு பண்டுப் பென்ஷனின் குறைந்தபட்சத் தொகை 2014ல் 1000 ரூபாய் என்று வைத்தார்கள். பத்து வருஷம் கழிந்தும் அதே ஆயிரம்தான். தறிச் சத்தத்தில் காது போனவனுக்கு நாளைக்கு 33 ரூபாய்!

மே தினத்தன்று கிராம சபை கூடும். வலைக்காரக் கிழவியும் நாற்று நட்டவளும் முன்வரிசையில் உட்காரட்டும். "ஆதரவற்றவர்" என்ற சொல்லை எடு, "உழைத்தவர்" என்று போடு, டில்லி தன் பங்கை உயர்த்தட்டும் என்று தீர்மானப் புத்தகத்தில் எழுதிய பிறகே கையெழுத்துப் போடுங்கள்.