வாடகை வீடும் பெயரும்

கொழும்பில் வேலை கிடைத்ததும் நானா தெஹிவளையில் தொடர்மாடி வீடொன்று தேடினார். தொலைபேசியில் வாடகையும் முற்பணமும் பேசி முடிந்தன. பெயரைச் சொன்னதும், "வீடு கொடுத்தாயிற்று" என்றார்கள். அடுத்த வாரமும் அதே விளம்பரம் பத்திரிகையில் இருந்தது. பள்ளிவாசலும் கோவிலும் விகாரையும் தேவாலயமும் அருகருகே உள்ள ஊரில்தான் இது நடந்தது.

2019 ஏப்ரல் 21 தாக்குதல்களுக்குப் பின் முஸ்லிம் பெயரைக் கேட்டாலே சிலர் தயங்குகிறார்கள். அச்சம் புரிகிறது. ஆனால் யாரோ செய்த குற்றத்துக்கு நானா ஏன் வீடின்றி அலைய வேண்டும்?

நமது அரசியலமைப்பின் 14ஆம் உறுப்புரை, நாட்டில் விரும்பிய இடத்தில் வசிக்கும் சுதந்திரத்தைத் தருகிறது. கடைகள், உணவகங்கள், ஹோட்டல்களில் மதபேதம் கூடாது என்கிறது 12ஆம் உறுப்புரை. அந்தப் பட்டியலில் வாடகை வீடு இல்லை. அதையும் சேர்க்க வேண்டும் என்பதே என் கருத்து.

சட்டம் வருமுன் நம் வாசலையும் பார்ப்போம். ஹட்டனில் எங்கள் மேல்மாடி அறையைக் கேட்டு ஓர் அக்கா வந்தபோது, "லயத்து ஆளா?" என்று உம்மா தயங்கினார். நானாவின் கதையை நினைவூட்டினேன். இன்று அந்த அக்கா எங்களோடுதான் இருக்கிறார்.

பெற்றோரே, வீடு கேட்டு வருபவரிடம் அடையாள அட்டையையும் முற்பணத்தையும் கேளுங்கள். மதத்தைக் கேட்காதீர்கள், லயமா என்றும் கேட்காதீர்கள்.